வீட்டுக்குள் விழுந்த அடிக்கு அரசு தரும் நட்டஈடு: பிரித்தானியத் திட்டம் பற்றி ஓர் அறிமுகம்

நட்டஈடு என்றதும் நம்மவர்களுக்கு நினைவில் வருவது வாகன விபத்து, வெள்ளம், சுனாமி, கலவரத்தில் எரிந்த கடைகள். வீட்டுக்குள்ளே கணவன் அடித்ததற்கும் நட்டஈடு உண்டு, அதையும் அரசாங்கமே தன் திறைசேரியிலிருந்து கொடுக்கும் என்று சொன்னால், "என்ன டீச்சர், கதை விடுறீங்களா?" என்றுதான் கேட்பார்கள். பிரித்தானியாவில் அப்படியொரு திட்டம் 1964 ஆம் ஆண்டு முதல் நடைமுறையில் இருக்கிறது. குற்றச்செயலால் காயமடைந்தவர்களுக்கான நட்டஈட்டுத் திட்டம் என்று அதைத் தமிழில் சொல்லலாம். இங்கிலாந்து, ஸ்கொட்லாந்து, வேல்ஸ் ஆகிய மூன்றுக்கும் பொதுவாக ஓர் அதிகாரசபை கிளாஸ்கோ நகரிலிருந்து இதை நடத்துகிறது. வட அயர்லாந்துக்குத் தனியான திட்டம் உண்டு.

இதை நான் தேடிப் படித்ததற்குக் காரணம் எனது பழைய மாணவி ஒருத்தி. உயர்தரத்தில் என்னிடம் தமிழ் படித்தவள். கலியாணம் முடித்து இங்கிலாந்து போனவள். அடி பொறுக்க முடியாமல் வீட்டை விட்டு வெளியேறி, கடைசி அடி விழுந்து ஒரு வருடமும் பத்து மாதமும் ஆன நிலையில் என்னோடு கதைத்தாள். அங்குள்ள உதவி நிலையமொன்றில் இந்த விண்ணப்பத்தைப் பற்றிச் சொல்லியிருக்கிறார்கள். அவளுக்கு இரண்டு சந்தேகங்கள். ஒன்று, "டீச்சர், அடிச்சதுக்குக் காசு வாங்கினா, அடிய வித்த மாதிரி இல்லையா?" மற்றது அவளுடைய உம்மா சொன்னது: "காசுக்காகத்தான் பொலிஸுக்குப் போனாள் எண்டு ஊர் கதைக்கும்." முதலாவது கேள்விக்குப் பதில் சொல்லத் தமிழ் படித்த படிப்பு கொஞ்சம் உதவியது. மிச்சத்துக்குச் சட்டத்தைப் படிக்க வேண்டியிருந்தது. வெளிநாட்டில் வாழ்க்கைப்பட்ட பெண்பிள்ளைகள் நம்மில் பல குடும்பங்களில் இருப்பதால், படித்ததை எல்லோருக்குமாக இங்கே எழுதுகிறேன்.

கூரைக்குக் கீழே ஒரு விதிவிலக்கு

குற்றத்தால் காயப்பட்டவருக்குச் சமூகம் கைகொடுக்க வேண்டும் என்ற கருத்தை 1950களில் பிரித்தானியாவில் வலியுறுத்தியவர்களுள் முக்கியமானவர் மார்ஜரி ஃப்ரை என்ற பெண்மணி. சிறைச் சீர்திருத்தத்துக்காக உழைத்தவர். குற்றவாளியைச் சிறையில் அடைத்தால் நீதி முடிந்துவிடாது, அடிவாங்கியவரின் நிலை என்ன என்பது அவரது கேள்வி. அவர் 1958 இல் காலமானார். ஆறு வருடங்கள் கழித்துத் திட்டம் பிறந்தது.

பிறந்தபோதே அதில் ஒரு குறை இருந்தது. அடித்தவரும் அடிவாங்கியவரும் ஒரே குடும்பமாக ஒரே வீட்டில் வாழ்ந்திருந்தால் நட்டஈடு இல்லை என்று எழுதி வைத்தார்கள். ஆங்கிலத்தில் இதை 'ஒரே கூரை விதி' என்று அழைத்தார்கள். வீட்டுக்குள் நடந்ததை நிரூபிப்பது கஷ்டம், கொடுக்கிற காசு அடித்தவன் கைக்கே போய்விடும் என்பவை அதற்குச் சொல்லப்பட்ட நியாயங்கள். தெருவில் முன்பின் தெரியாதவன் அடித்தால் ஈடு உண்டு. வீட்டில் புருஷனோ தகப்பனோ அடித்தால் இல்லை என்பதே இதன் பொருள்.

1979 ஒக்டோபர் முதலாம் திகதிக்குப் பின் நடந்த சம்பவங்களுக்கு இந்தத் தடை நீக்கப்பட்டது. அதற்கு முன்பு பாதிக்கப்பட்டவர்கள் வெளியிலேயே நின்றார்கள். சிறு வயதில் மாற்றுத் தந்தையின் கொடுமைக்கு ஆளான ஒரு பெண், பெயர் வெளியிடப்படாத நிலையில், நீதிமன்றம் போனார். 2018 ஆம் ஆண்டு மேன்முறையீட்டு நீதிமன்றம் அந்த விதி பாரபட்சமானது என்று தீர்த்தது. 2019 ஜூன் 13 ஆம் திகதி அது முற்றாக ஒழிக்கப்பட்டது. ஒரு விதியின் மிச்சத்தைத் துடைக்க நாற்பது வருடங்கள் எடுத்திருக்கின்றன. "வீட்டு விஷயம் வீட்டோட இருக்கட்டும்" என்ற மனப்பான்மை நமக்கு மட்டும் உரியதென்று நினைத்துக் கூனிக்குறுகத் தேவையில்லை. அது அவர்களுடைய சட்டத்திலேயே எழுதப்பட்டிருந்தது.

யார் கேட்கலாம்?

இப்போது நடைமுறையில் இருப்பது 2012 ஆம் ஆண்டுத் திட்டம். அதன்படி முதலில் பார்க்க வேண்டியது, நடந்தது வன்முறைக் குற்றமா என்பது. உடல்ரீதியான தாக்குதல், உடனே அடி விழும் என்ற பயத்தை உண்டாக்கிய மிரட்டல், சம்மதமில்லாத பாலியல் தாக்குதல் என்பன இதற்குள் வரும். சாப்பாட்டுக்குக் காசு கொடுக்காமல் வைத்திருப்பது, ஊருக்குக் கதைக்க விடாமல் போனைப் பறிப்பது, வெளியே போகாமல் பூட்டி வைப்பது போன்றவை இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2015 முதல் தனிக் குற்றமாகத் தண்டிக்கப்படுகின்றன. ஆனாலும் அடியோ, உடனடி அடிக்கான மிரட்டலோ, பாலியல் தாக்குதலோ இல்லாமல் அவை மட்டும் இருந்தால் இந்த நட்டஈடு கிடைப்பது அரிது. இந்த இடத்தில் திட்டம் குறுகலானதுதான்.

இரண்டாவது, பொலிஸ் முறைப்பாடு. நியாயமாக இயன்ற அளவு விரைவில் பொலிஸுக்கு அறிவித்திருக்க வேண்டும். 'இத்தனை வருஷம் ஏன் சும்மா இருந்தாய்?' என்ற கேள்வி இங்கே வரும். அந்தச் சம்பவம் ஆளைப் பாதித்த விதத்தால் முன்னரே சொல்ல முடியாமல் போனதா என்பதையும் பார்க்க வேண்டும் என்று திட்டமே சொல்கிறது. பயம், மொழி தெரியாமை, பூட்டிய வீடு எல்லாவற்றையும் விண்ணப்பத்தில் விபரமாக எழுதலாம், எழுத வேண்டும்.

மூன்றாவது, கால எல்லை. சம்பவம் நடந்து இரண்டு வருடங்களுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். விதிவிலக்கான சூழ்நிலை இருந்தால் நீடிக்கலாம். ஆனால் அதை நம்பிக் காத்திருப்பது புத்தியல்ல. பதினெட்டு வயதுக்கு முன் நடந்ததென்றால் சலுகை உண்டு. அந்த வயதுக்கு முன்பே பொலிஸுக்குப் போயிருந்தால் இருபதாவது பிறந்தநாள் வரையும், பிறகு போயிருந்தால் முறைப்பாடு செய்ததிலிருந்து இரண்டு வருடங்கள் வரையும் விண்ணப்பிக்கலாம்.

பலர் இடறி விழுவது இந்தக் கால எல்லையில்தான். "கோட்டில கேஸ் முடியட்டும், பிறகு பார்ப்பம்" என்று இருந்துவிடுகிறார்கள். வழக்கு முடியும்வரை காத்திருக்க வேண்டியதில்லை என்று அதிகாரசபையே சொல்கிறது. அடித்தவன் தண்டிக்கப்பட்டிருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் இல்லை. வழக்குத் தொடரப்பட்டிருக்க வேண்டும் என்றுகூட இல்லை. குற்றவியல் வழக்கில் சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபிக்க வேண்டும். இங்கே, நடக்கவில்லை என்பதை விட நடந்தது என்பதற்கே சாத்தியம் அதிகம் என்று காட்டினால் போதும். ஆகவே கணவன் விடுதலையாகிவிட்டான் என்பதால் மனைவி பொய் சொன்னாள் என்று ஆகிவிடாது. ஊர் வாய்க்கு இதைச் சொல்லி வைப்பது நல்லது.

நான்காவது, வசிப்பிடம். சம்பவம் நடந்த நாளில் அந்நாட்டில் வழமையாக வசிப்பவராக இருந்தால் போதும். பிரித்தானியப் பிரசையாக இருக்க வேண்டும் என்பதில்லை. கலியாண விசாவில் போய் அங்கே குடும்பம் நடத்திய பெண்ணும் கேட்கலாம். விண்ணப்பிப்பவர் தாமே குற்றமொன்றுக்காகச் சிறைத்தண்டனையோ சமூகக் கட்டளை போன்ற தண்டனையோ பெற்று, அந்தப் பதிவு இன்னும் காலாவதியாகாமல் இருந்தால் கதவு மூடப்படும்.

அட்டவணையும் தியத்தும்

தொகையைத் தீர்மானிக்க ஓர் அட்டவணை உண்டு. எந்தக் காயத்துக்கு எவ்வளவு என்று வரிவரியாக எழுதியிருக்கிறார்கள். ஆகக் குறைந்தது 1,000 பவுண். ஒரு தனிக் காயத்துக்கு ஆகக் கூடியது 250,000 பவுண். எல்லாம் சேர்ந்து 500,000 பவுணுக்கு மேல் போகாது. பல காயங்கள் இருந்தால், பெரியதற்கு முழுத் தொகை, இரண்டாவதற்கு நூற்றுக்கு 30, மூன்றாவதற்கு நூற்றுக்கு 15. உதாரணமாக 6,200, 2,400, 1,000 பவுண் என மதிப்பிடப்பட்ட மூன்று காயங்கள் என்றால், 6,200 உடன் 720 உம் 150 உம் சேர்ந்து 7,070 பவுண்.

உடம்பில் தழும்பு இல்லாவிட்டாலும் மனம் உடைந்துபோவதையும் காயமாகவே எடுக்கிறார்கள். ஆறு வாரங்களுக்கு மேல் அன்றாட வாழ்க்கையை முடக்கியிருக்க வேண்டும். மனநல வைத்திய நிபுணரோ மருத்துவ உளவியலாளரோ அதை உறுதிப்படுத்த வேண்டும். அதற்கான தொகை 1,000 பவுணில் தொடங்கி, நிரந்தரமான கடும் பாதிப்புக்கு 27,000 பவுண் வரை போகிறது. வேலை செய்துகொண்டிருந்தவர் காயத்தால் வேலைக்குப் போக முடியாமல் ஆனால், முதல் 28 வாரங்கள் கழிந்த பிறகு வருமான இழப்புக்கும் ஒரு தொகை உண்டு.

காயத்துக்குத் தொகை எழுதுவது நம் வாசகருக்குப் புதுமையாகத் தெரியக் கூடாது. பிக்ஹு நூல்களில் தியத் என்ற பாடம் உண்டு. உயிருக்கு நூறு ஒட்டகம், ஒரு விரலுக்குப் பத்து, ஒரு பல்லுக்கு ஐந்து என்று நம் மத்ரஸாக்களில் ஓதிக் கொடுத்த கணக்குத்தான். அட்டவணையில் அடங்காத காயத்தை மதிப்பிட்டுச் சொல்வது நீதிபதியின் பொறுப்பு. பல்லுக்கு ஐந்து ஒட்டகம் என்று எழுதிய இமாம்கள் பல்லை விற்கச் சொல்லவில்லை. உடைத்தவன் சும்மா போய்விடக் கூடாது, உடைபட்டவர் வெறுங்கையோடு நிற்கக் கூடாது என்பதே அந்தக் கணக்கின் நோக்கம்.

இரண்டுக்கும் வேறுபாடு உண்டு. தியத்தைக் கொடுப்பவர் குற்றவாளி அல்லது அவருடைய குலத்தார். பிரித்தானியத் திட்டத்தில் கொடுப்பது அரசு. அதற்கும் நம் மரபில் ஒரு சாயல் இருக்கிறது. கொன்றவன் யாரென்று தெரியாதபோது பைத்துல்மாலிலிருந்து கொடுக்க வேண்டும் என்ற கருத்து இமாம்களிடையே உண்டு. நான் பத்வா சொல்லக்கூடியவளல்ல. ஆனால் 'அடிக்குக் காசா?' என்று முகம் சுளிக்கும் முன் இதையும் யோசிக்கலாம்.

மாணவியின் கேள்விக்கு நான் சொன்ன பதில் தமிழாசிரியைக்குரியது. விலை வேறு, ஈடு வேறு. விலை என்பது கொடுப்பவரும் வாங்குபவரும் ஒத்துக்கொண்டு நடப்பது. ஈடு என்பது, ஒருவர் சம்மதமில்லாமல் இழந்ததைச் சரிக்கட்ட முயல்வது. "நீ விக்கல்ல புள்ள. உன்னட்ட இருந்து பறிச்சது. அதில கொஞ்சத்த அந்த நாட்டுச் சட்டம் திருப்பித் தருது." முழுவதும் ஈடாகாது என்பதும் உண்மை. பறிபோன தூக்கத்துக்கு அட்டவணையில் வரி இல்லை.

சேர்த்து வைப்பதும் பிரித்து நிற்பதும்

நம் குடும்பங்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டிய விதி ஒன்று உண்டு. அடித்தவரும் அடிவாங்கியவரும் வளர்ந்தவர்களாக, சம்பவ நேரத்தில் ஒரே குடும்பமாக வாழ்ந்திருந்தால், அவர்கள் இப்போது சேர்ந்து வாழவில்லை, இனிமேலும் சேர்ந்து வாழும் சாத்தியம் இல்லை என்றால்தான் நட்டஈடு கிடைக்கும். அந்தக் காசால் அடித்தவர் பயனடையக் கூடும் என்றாலும் கொடுக்க மாட்டார்கள். தலாக்கோ பஸ்ஹோ முடிந்திருக்க வேண்டும் என்பதில்லை. பிரிந்து வாழ்வதுதான் கணக்கு.

இதன் பொருள், காசுக்காகக் குடும்பத்தைப் பிரிக்கச் சொல்வதல்ல. மாமா, சாச்சா, காக்கா எல்லோரும் கூடி, "சபூர் செய் மகள், புள்ளைகளுக்காகப் போய் இரு" என்று திருப்பி அனுப்புகிறபோது, அவள் எந்த ஆபத்துக்குள் போகிறாள் என்பதையும், எந்த உரிமையை இழக்கிறாள் என்பதையும் தெரிந்துகொண்டே பேச வேண்டும். சமாதானம் செய்து வைப்பது நன்மையான காரியம். அடிப்பவன் அடிப்பதை நிறுத்தியிருக்கிறான் என்று நிச்சயமாகத் தெரியாமல் செய்யும் சமாதானம், அடிவாங்குபவளுடைய வாயை மட்டும் மூடுகிறது.

"பொலிஸுக்குப் போனா விசா போயிரும், ஊருக்கு அனுப்பிருவாங்க" என்பது அடிக்கிற கணவன்மார் வழமையாகச் சொல்லும் மிரட்டல். துணைவர் விசாவில் இருக்கும் ஒருவருடைய மணவாழ்வு குடும்ப வன்முறையால் முறிந்தால், அந்த அடிப்படையிலேயே நிரந்தரமாக வசிக்கும் அனுமதிக்குத் தனியே விண்ணப்பிக்கலாம். அதற்கிடையில் தங்குவதற்கும் உதவி பெறுவதற்கும் மூன்று மாதத் தற்காலிக அனுமதியும் உண்டு. இது நட்டஈட்டிலிருந்து வேறான நடைமுறை. குடிவரவுச் சட்டத்தில் தகுதியுள்ள ஆலோசகரிடம்தான் போக வேண்டும். பள்ளிவாசல் வாசலில் கேட்ட கதையை நம்பக் கூடாது.

விண்ணப்பிக்கும் விதம்

விண்ணப்பத்துக்குக் கட்டணம் இல்லை. இணையவழியாகவோ தொலைபேசி மூலமோ செய்யலாம். சட்டத்தரணி வைக்க வேண்டிய கட்டாயம் இல்லை. வைத்தால் அவருடைய கூலியைத் திட்டம் தராது. கிடைக்கும் தொகையிலிருந்துதான் போகும். கையில் இருக்க வேண்டியவை: பொலிஸ் தந்த குற்றப் பதிவிலக்கம், சம்பவத் திகதிகள், இடம், பார்த்த டொக்டர், பல் வைத்தியர், வைத்தியசாலை ஆகியவற்றின் பெயர், முகவரி. பொலிஸ், மருத்துவப் பதிவுகளைப் பெற அதிகாரசபைக்குச் சம்மதம் கொடுக்க வேண்டும். ஆகவே டொக்டரிடம் போகும்போதே உண்மையைச் சொல்லியிருப்பது அவசியம். "படியில விழுந்தேன்" என்று சொல்லிய ஒவ்வொரு தடவையும் ஒரு சாட்சி அழிகிறது.

மறுத்துவிட்டால் 56 நாட்களுக்குள் மீளாய்வு கேட்கலாம். அதிலும் திருப்தி இல்லையென்றால் 90 நாட்களுக்குள் சுயாதீனமான தீர்ப்பாயம் ஒன்றுக்கு மேன்முறையீடு செய்யலாம். வேறு வழக்கில் நட்டஈடு கிடைத்திருந்தால் அதைக் கழித்துக்கொள்வார்கள். அரச உதவிப்பணத்தில் வாழ்பவர்கள், கையில் பெருந்தொகை வந்தால் அந்த உதவி குறையலாம் அல்லது நிற்கலாம் என்பதை முன்கூட்டியே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

என் மாணவி கால எல்லைக்கு மூன்று வாரங்கள் இருக்க விண்ணப்பத்தை அனுப்பிவிட்டாள். முடிவு இன்னும் வரவில்லை. "காசு வருதோ இல்லையோ டீச்சர், நடந்ததெல்லாத்தையும் திகதி போட்டு எழுதினேன். நான் பைத்தியமில்லை எண்டு அப்பதான் எனக்கே விளங்கிச்சு" என்றாள்.

இலங்கையில்?

அட்டவணை போட்டுக் காயத்துக்குக் காயம் அரசு கொடுக்கும் முறை இங்கே இல்லை. ஆனால் ஒன்றுமே இல்லை என்று நினைப்பது பிழை. 1979 ஆம் ஆண்டின் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவைப்படி, குற்றவாளியாகக் காணப்பட்டவர் பாதிக்கப்பட்டவருக்கு நட்டஈடு செலுத்த வேண்டுமென நீதிமன்றம் கட்டளையிடலாம். குற்றத்தால் பாதிக்கப்பட்டோருக்கும் சாட்சிகளுக்கும் உதவியும் பாதுகாப்பும் வழங்க 2015 இல் 4 ஆம் இலக்கச் சட்டம் வந்தது. தேசிய அதிகாரசபை ஒன்றும் அமைந்தது. 2023 ஆம் ஆண்டின் 10 ஆம் இலக்கச் சட்டம் இப்போது அதன் இடத்தில் இருக்கிறது.

அடி விழுந்துகொண்டிருக்கும் நேரத்துக்குத் தேவையானது 2005 ஆம் ஆண்டின் 34 ஆம் இலக்கக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம். இது எல்லா இனத்தவருக்கும் பொது. பாதிக்கப்பட்டவரோ, அவர் சார்பில் பொலிஸ் உத்தியோகத்தரோ நீதவான் நீதிமன்றத்தில் விண்ணப்பிக்கலாம். நீதவான் அவசரம் கண்டால் உடனே இடைக்காலப் பாதுகாப்புக் கட்டளை தரலாம். விசாரணைக்கு 14 நாட்களுக்குள் திகதி குறிக்க வேண்டும். பிறகு 12 மாதங்கள் வரை கட்டளை வழங்கலாம். பராமரிக்கக் கடமைப்பட்டவரிடமிருந்து அவசரப் பண உதவிக்கும் கட்டளையிடலாம். நம்மில் பலர் கணவன் மனைவி பிரச்சினை என்றாலே காழி நீதிமன்றம் என்று நினைக்கிறார்கள். விவாகரத்துக்கும் பராமரிப்புக்கும் காழியிடம் போகலாம். அடிக்கக் கூடாது, வீட்டுக்கு வரக் கூடாது என்ற பாதுகாப்புக் கட்டளை நீதவானிடம்தான் கிடைக்கும். ஒன்றுக்குப் போனதால் மற்றது தடைப்படாது. காயம் இருந்தால் பொலிஸில் முறையிட்டு, சட்ட வைத்திய அதிகாரியிடம் காட்டிப் பதிவு செய்வது முதல் வேலை. பெண்களுக்கான அரச உதவித் தொலைபேசி இலக்கம் 1938.

மகளை வெளிநாட்டுக்கு வாழ்க்கைப்பட அனுப்பும் பெற்றோருக்கு ஒரு வார்த்தை. கலியாணத்தின்போது நகை எத்தனை பவுண், கைக்கூலி எவ்வளவு, மஹர் எவ்வளவு என்று கொப்பியில் எழுதி வைக்கிறோம். அதே கொப்பியில் அவளுடைய கடவுச்சீட்டு, விசா, விவாகப் பதிவு ஆகியவற்றின் பிரதிகளையும் ஒட்டி வையுங்கள். பிரித்தானியாவில் அவசரத்துக்கு அழைக்கும் இலக்கம் 999 என்பதை அவளுக்கு மனப்பாடமாக்குங்கள். ஏதும் நடந்தால் திகதி போட்டு எழுதி வைக்கவும், டொக்டரிடம் மறைக்காமல் சொல்லவும் பழக்குங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, "அடிச்சா எங்களுக்குச் சொல்லு, நாங்க உன்னைத் திருப்பி அனுப்ப மாட்டோம்" என்று விமானம் ஏறுவதற்கு முன்பே சொல்லிவிடுங்கள். இரண்டு வருடக் கால எல்லையில் பெரும்பகுதி, வீட்டார் என்ன சொல்வார்களோ என்ற பயத்திலேதான் கரைந்துபோகிறது.